சேவையும் வேண்டும், சம்பளமும் வேண்டும்: அரசு, ஐ.நா., தொண்டு நிறுவனம், அறக்கட்டளை – எது யாருக்கு?

"நல்ல காரியம் செய்கிறாய், இதில் சம்பளத்தைப் பற்றி என்ன பேச்சு?" சேவைத் துறையில் இருப்பவர்களின் காதில் இந்தக் கேள்வி அடிக்கடி விழுந்திருக்கும். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் இந்த எண்ணத்தாலேயே எத்தனையோ திறமைசாலிகள் முப்பது வயதைத் தாண்டியதும் துறையை விட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் மருத்துவம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது வேறு வழி தெரிவதில்லை. போனவர் இடத்துக்குப் புதிதாக வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதில் நஷ்டம் அந்தத் திட்டத்தை நம்பியிருக்கும் மக்களுக்குத்தான். ஆகவே சேவைப் பணியில் நல்ல சம்பளம் தேடுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, எங்கே தேடுவது? அரசு வேலை, ஐ.நா. போன்ற பன்னாட்டு அமைப்பு, தொண்டு நிறுவனம், நிதி வழங்கும் அறக்கட்டளை ஆகிய நான்குக்கும் நடுவில் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எதில் அதிகம் கிடைக்கும்?" என்றுதான். நான் அதற்கு முன்னால் வேறொரு கேள்வியை வைப்பேன்: அந்தச் சம்பளம் யார் பணம், எத்தனை காலம் வரும்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2025-இல் நடந்தது அப்படி. 1961 முதல் இயங்கிய அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையான யுஎஸ்எய்ட், அந்த ஆண்டு ஜூலை 1 அன்று தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. மார்ச் மாதமே அதன் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் நடந்த திட்டங்களில் உலகம் முழுக்க வேலை பார்த்தவர்கள், நல்ல பதவியில் நல்ல சம்பளம் வாங்கியவர்கள் உட்பட, சில வாரங்களில் வேலை இழந்தார்கள். அவர்கள் வேலையில் குறை எதுவும் இல்லை. பணம் ஒரே இடத்திலிருந்து வந்தது, அந்த இடம் மூடப்பட்டது, அவ்வளவுதான்.

## எதை வைத்து எடைபோடுவது?

பணத்தின் ஊற்று முதல் அளவுகோல். வரிப்பணமா, உறுப்பு நாடுகளின் பங்களிப்பா, ஒரு கொடையாளரின் மூன்றாண்டு மானியமா, லட்சக்கணக்கான சிறு நன்கொடைகளா, முதலீட்டு வருமானமா? ஒவ்வொன்றும் வேறு விதமாக வற்றும்.

இரண்டாவது, மொத்தக் கணக்கு. மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்கக் கூடாது. பென்ஷன், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகள் கல்வி உதவி, வரி, வேலை போனால் கிடைக்கும் இழப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேவைத் துறையில் இந்தப் 'பின்னால் வரும் பணம்' சில சமயம் சம்பளத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

மூன்றாவது, உள்ளே போவதற்கு ஆகும் செலவு. தேர்வுக்குப் படிக்கும் ஆண்டுகள், முதுகலைப் பட்டம், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் எல்லாம் இதில் அடக்கம். நான்காவது, வெளியே வரும் கதவு: பத்தாண்டு கழித்து இந்த அனுபவத்துக்கு வேறு எங்காவது மதிப்பு இருக்குமா? கடைசியாக, குடும்பமும் உடம்பும் கொடுக்கும் விலை. இடமாற்றம், தனிமை, ஆபத்தான பணியிடம், துணைவருக்கு வேலை இல்லாமல் போவது எல்லாம் செலவுதான். யாரும் ரசீது கொடுக்க மாட்டார்கள் என்பதால் நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

## அரசுப் பணி

பணம் வரியிலிருந்து வருகிறது. இந்த நான்கு வழிகளுக்குள் மிக மெதுவாக வற்றும் ஊற்று இதுதான். ஆனால் சம்பளமும் மெதுவாகத்தான் ஏறும். அமெரிக்க மத்திய அரசின் பொது ஊதிய அட்டவணையில் 15 தரநிலைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 10 படிகள். ஒரே தரநிலையில் முதல் படியிலிருந்து பத்தாம் படிக்குப் போக வழக்கமான கணக்கில் 18 ஆண்டுகள் ஆகும். மேலே ஒரு உச்சவரம்பும் உண்டு. எவ்வளவு திறமையாக உழைத்தாலும் அதைத் தாண்ட முடியாது. பெரும்பாலான நாடுகளில் இதே மாதிரிதான்: தொடக்கத்தில் தனியாரோடு போட்டி போடும் சம்பளம், நடுவில் பின்தங்கும், உச்சியில் பெரிய இடைவெளி.

இதற்கு நேர்மாறான வழியில் போன நாடு சிங்கப்பூர். தகுதியானவர்களும் நேர்மையானவர்களும் அரசுக்கு வர வேண்டுமென்றால் ஊதியம் போட்டியிட வேண்டும் என்று 1994-இலேயே வெள்ளை அறிக்கை வெளியிட்டு, அமைச்சர்கள், மூத்த அதிகாரிகள் சம்பளத்தைத் தனியார் துறையோடு இணைத்தார்கள். 2012-இல் திருத்தப்பட்ட முறைப்படி, புதிய அமைச்சரின் சம்பளத்துக்கு அடிப்படை, நாட்டில் அதிகம் சம்பாதிக்கும் ஆயிரம் குடிமக்களின் இடைநிலை வருமானம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்). அதில் பொதுச் சேவையின் தியாகத்துக்காக 40 சதவீதம் கழிக்கப்படுகிறது. தியாகத்துக்கு ஒரு எண் வைத்து வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. மற்ற இடங்களில் அந்த எண் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை, நாமே சில ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கிறோம்.

அரசுக்குள்ளேயே நல்ல சம்பளம் தரும் மூலைகள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மத்திய வங்கிகள், பங்குச் சந்தை, வங்கி, காப்பீடு ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையங்கள், அரசு மருத்துவர்கள். இவர்களுக்குப் பல நாடுகளில் தனி ஊதிய விகிதம் உண்டு. அமெரிக்காவில் 1989-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வங்கி ஒழுங்குமுறை அமைப்புகள் பொது அட்டவணைக்கு வெளியே, கூடுதலாகச் சம்பளம் தருகின்றன. கண்காணிக்கப்படும் வங்கி இரண்டு மடங்கு தருகிறேன் என்று ஆளை இழுத்துக்கொண்டே போனால் கண்காணிப்பு நடக்காது என்பதுதான் காரணம். பொருளியல், சட்டம், கணக்கு, புள்ளியியல் படித்தவர்கள் பொதுத் தேர்வு ஒன்றையே குறிவைக்காமல் இந்த மூலைகளையும் பார்க்கலாம்.

மறைமுகச் செலவு எங்கே இருக்கிறது? நுழைவில். இந்தியக் குடிமைப் பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பிப்பவர்கள் பத்து லட்சம் அளவில், தேர்வாகிறவர்கள் ஆயிரம் பேர் அளவில். பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை, ஆறு முயற்சிகள். நான்கைந்து ஆண்டுகள் அதற்கே செலவழித்து, கடைசியில் கிடைக்காமல் போனவர் இழப்பது அந்த ஆண்டுகளின் சம்பளம் மட்டும் அல்ல. அந்த வயதில் சேர வேண்டிய முதல் வேலை அனுபவமும் போய்விடுகிறது. எத்தனை முயற்சி என்பதைத் தொடங்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. தோல்விக்குப் பிறகு அந்த முடிவை எடுக்க மனம் வராது.

வெளியேறும் கதவும் கொஞ்சம் இறுக்கமானது. மூத்த அதிகாரிகள் வெளியே வந்ததும், தாங்கள் கையாண்ட துறையின் நிறுவனங்களில் ஓராண்டோ ஈராண்டோ சேரக் கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. நியாயமான விதிதான், ஆனால் அந்த இடைவெளிக்குக் கையில் சேமிப்பு இருக்க வேண்டும்.

பாதுகாப்பு முழுமையானதா என்றால், அதுவும் இல்லை. 2025-இல் அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் அரசு முன்வைத்த ஒத்திவைத்த விலகல் திட்டத்தை (இப்போதே ராஜினாமாவுக்குச் சம்மதித்து, சில மாதம் சம்பளம் வாங்கியபடி பிறகு விலகுவது) ஏற்று வெளியேறினார்கள். அப்படியிருந்தும் சேவைத் துறையில் எதிர்பாராத வீழ்ச்சி குறைவாக உள்ள இடம் என்று கேட்டால் நான் அரசையே சொல்வேன்.

## ஐ.நா.வும் பன்னாட்டு அமைப்புகளும்

கேட்டவுடன் கண் விரியும் பெயர் இது. அந்தச் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொழில்முறைப் பதவிகளுக்கு நோபிள்மேர் கோட்பாடு என்ற ஒன்றைப் பின்பற்றுகிறார்கள்; ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் காலத்திலிருந்து வருவது. உலகிலேயே நல்ல ஊதியம் தரும் தேசியக் குடிமைப் பணியிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்றால், அதைவிடக் கொஞ்சம் அதிகம் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வது அமெரிக்க மத்திய அரசை. அந்த ஊதியம் 100 என்றால் ஐ.நா. ஊதியம் 110-க்கும் 120-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது வரையறை.

சம்பளச் சீட்டைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். முதல் வரியில் உலகம் முழுக்க ஒரே மாதிரியான நிகர அடிப்படைச் சம்பளம். அடுத்து, பணியிடச் சரிக்கட்டல். அந்த ஊரின் விலைவாசிக்கு ஏற்ப ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடிப்படையில் ஒரு சதவீதம். உதாரணத்துக்கு, நிகர அடிப்படை ஆண்டுக்கு 60,000 டாலர், ஊரின் எண் 50 என்றால், 30,000 டாலர் சேர்ந்து 90,000 ஆகும். அதே பதவியில் எண் 20 உள்ள ஊருக்கு மாறினால் 72,000. பதவி இறக்கமில்லை, ஆனால் கையில் வருவது குறைகிறது. இந்தக் கணக்குத் தெரியாமல் இடமாற்றத்துக்குச் சம்மதிப்பவர்கள் உண்டு. அப்புறம், சார்ந்திருப்போர் படி, சொந்த நாட்டுக்கு வெளியே பணிபுரிந்தால் பிள்ளைகளுக்கு வரம்புக்குட்பட்ட கல்வி மானியம், கடினமான ஊர்களுக்குத் தனிப் படி. பெரும்பாலான நாடுகள் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி போடுவதில்லை.

பென்ஷனில்தான் பெரிய லாபமும், கவனிக்காமல் விட்டால் பெரிய நஷ்டமும். ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் ஊதியத்தில் ஊழியர் 7.9 சதவீதம் போட்டால், அமைப்பு 15.8 சதவீதம் போடுகிறது. ஓய்வூதிய உரிமை கிடைக்க ஐந்து ஆண்டுகள் பங்களித்திருக்க வேண்டும். நாலே முக்கால் ஆண்டில் கிளம்பினால், நீங்கள் போட்ட பணமும் அதற்கான வட்டியும் மட்டுமே கைக்கு வரும். உங்களுக்காகப் போடப்பட்ட அந்த இரு மடங்கு நிதியத்திலேயே தங்கிவிடும். ராஜினாமா தேதியைக் காலண்டரைப் பார்த்து எழுதுங்கள்.

ஆனால் இதெல்லாம் 'ஸ்டாஃப்' என்ற நிலையில் பன்னாட்டு அளவில் எடுக்கப்பட்டவர்களுக்கு. உள்நாட்டில் எடுக்கப்படும் பணியாளர்களுக்கு ஃபிளெமிங் கோட்பாடு. அந்த ஊரில் நல்ல முதலாளிகள் தரும் ஊதியமே அளவுகோல். அதுவும் மோசமில்லை. சொந்த ஊரை விடாமல், பென்ஷனோடு, கௌரவமான சம்பளம் கிடைக்கும். கன்சல்டன்ட் ஒப்பந்தம் வேறு கதை. நாள் கணக்கில் தரும் தொகை பெரிதாகத் தெரியும். அதில் பென்ஷன் இல்லை, குடும்பத்துக்கான காப்பீடு இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கட்டாய இடைவெளியும் உண்டு. வாசலில் ஐ.நா. கொடி பறக்கும், ஆனால் அந்தக் கொடிக்குக் கீழே ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரின் வாழ்க்கைப் பாதுகாப்பு வேறு வேறாக இருக்கும். விளம்பரத்தைப் படிக்கும்போது பதவிப் பெயரைவிட ஒப்பந்த வகையை முதலில் பாருங்கள்.

உள்ளே போகும் வழிகளில் இளைஞர்களுக்கு முக்கியமானது ஐ.நா.வின் இளம் தொழில்முறையாளர் திட்டம்: வயது 32-க்குள், குறைந்தது இளங்கலைப் பட்டம், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் தேர்ச்சி, அந்த ஆண்டின் பட்டியலில் உங்கள் நாடு இருக்க வேண்டும். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உலக வங்கியும் 1963-இலேயே இளம் வல்லுநர்களுக்கான திட்டத்தைத் தொடங்கியது. மற்றவர்கள் வெளியே அனுபவம் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். முதுகலைப் பட்டத்தோடு, தொழில்முறைப் பதவிகளின் தரநிலைகளில் பி-3-க்கு ஐந்து ஆண்டுகள், பி-4-க்கு ஏழு, பி-5-க்குப் பத்து ஆண்டுகள் என்பது வழக்கமான தகுதி. இன்டர்ன்ஷிப் வழியாக நுழைய நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கிடையாது, நியூயார்க், ஜெனிவா வாடகையைச் சொந்தக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் உதவித்தொகை தருகின்றன. வசதியில்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே முதலில் முயலலாம்.

குடும்பத்தின் விலை இங்கேதான் அதிகம். பணியிடங்கள் எச் (தலைமையகங்களும் அதுபோன்ற இடங்களும்) என்றும், ஏ முதல் இ வரையும் தரம் பிரிக்கப்படுகின்றன; இ என்றால் மிகக் கடினம். சில இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போகவே அனுமதி இல்லை. கூடுதல் படி உண்டு, உண்மைதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தை எட்டு வயதாகும் வரை போனில் மட்டும் பார்ப்பதற்கு அந்தப் படி ஈடாகுமா என்பதை ஒவ்வொருவரும் தாங்களே முடிவு செய்ய வேண்டும். துணைவரின் தொழிலும் பெரும்பாலும் பாதிக்கப்படும். விசா இருக்கும், வேலை செய்ய அனுமதி இருக்காது, அல்லது மொழி தடையாக இருக்கும். இரண்டு சம்பளம் ஒன்றாகிறது என்பதைக் கழித்துவிட்டுத்தான் ஐ.நா. சம்பளத்தைப் பெரிது என்று சொல்ல வேண்டும்.

பணத்தின் ஊற்று? ஐ.நா. வழக்கமான வரவுசெலவில் 22 சதவீதம் அமெரிக்கா என்ற ஒரே நாட்டின் பங்கு. தன்னார்வப் பங்களிப்பை நம்பி இயங்கும் முகமைகள் இன்னும் பலவீனமான நிலையில் உள்ளன. 2025-இல் அகதிகள் முகமை சுமார் 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. உலக உணவுத் திட்டம் ஊழியர் எண்ணிக்கையில் 25 முதல் 30 சதவீதம் வரை குறைக்கத் திட்டமிட்டது. 'ஐ.நா. வேலை என்றால் வாழ்நாள் வேலை' என்ற பழைய நம்பிக்கையோடு இப்போது யாரும் உள்ளே போகக் கூடாது.

## தொண்டு நிறுவனங்கள்

ஒரே பெயரில் மிகப் பெரிய வித்தியாசங்கள் அடங்கியிருக்கும் துறை இது. மூன்று பேர் நடத்தும் அமைப்பும் தொண்டு நிறுவனம்தான், 1972-இல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் வங்கதேசத்தில் தொடங்கி இன்று பல நாடுகளில் இயங்கும் பிராக்கும் தொண்டு நிறுவனம்தான். 'என்ஜிஓ சம்பளம் எவ்வளவு?' என்று பொதுவாகக் கேட்பதில் பொருளே இல்லை.

நல்ல சம்பளம் இருக்கும் இடங்கள் எவை என்று கேட்டால் சொல்லலாம். நாட்டு இயக்குநர், நிதித் தலைவர், நிதி திரட்டும் பிரிவின் தலைவர், மானிய நிர்வாகம், திட்ட மதிப்பீடும் தரவும், சட்டம், தகவல் தொழில்நுட்பம். களத்தில் நேரடியாக மக்களோடு நிற்கும் பதவிகளைவிட இவற்றில் சம்பளம் கூடுதல். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டும். களத்தை நேசிப்பவர்கள் முதல் ஐந்து ஆண்டுகளில் களத்தோடு சேர்த்து வரவுசெலவுத் திட்டம் போடவும், கொடையாளருக்கு அறிக்கை எழுதவும் கற்றுக்கொண்டால் களத்தை விடாமலேயே மேலே போகலாம்.

இங்கே சம்பளம் ஏன் அமுங்கிக் கிடக்கிறது? முக்கியக் காரணம், கொடையாளர்கள் நிர்வாகச் செலவுக்கு வைக்கும் கத்தரி. அமெரிக்க மத்திய அரசின் மானியங்களில், அரசோடு தனி விகிதம் பேசி நிர்ணயிக்காத அமைப்புக்கு மறைமுகச் செலவு என்று 10 சதவீதம்தான் நெடுங்காலம் கிடைத்தது. 2024 அக்டோபரில் அது 15 சதவீதமாக உயர்ந்தது. கணக்காளர், மனிதவளம், கணினி, வாடகை எல்லாம் இதற்குள். 'நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு காசும் மக்களுக்கே போக வேண்டும்' என்று கேட்கும் கொடையாளர் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். அதன் பலன், அந்தக் காசைச் சரியாகக் கொண்டுசேர்க்கும் ஆளுக்குச் சம்பளம் போதாமல் போவது.

ஊற்றைப் பொறுத்தவரை இரண்டு அமைப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். செஞ்சிலுவையின் பன்னாட்டுக் குழு பெரும்பாலும் அரசுகளின் பங்களிப்பை நம்பியிருக்கிறது. 2023-இல் நிதி குறைந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்க வேண்டி வந்தது. 1971-இல் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 90 சதவீதத்துக்கு மேல் தனிமனிதர்கள் உள்ளிட்ட தனியார் நன்கொடையில் இயங்குகிறது, அமெரிக்க அரசிடம் பணம் வாங்குவதில்லை. யுஎஸ்எய்ட் மூடியபோது அதன் சொந்த வரவில் நேரடி ஓட்டை விழவில்லை. அதே நேரம், அங்கே முதல் களப்பணிக்குப் போகும் மருத்துவருக்குக் கிடைப்பது எளிய ஊதியமே. உறுதியான ஊற்று என்பதாலேயே சம்பளம் பெரிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு நல்ல விஷயம், தொண்டு நிறுவனத்தின் சம்பளத்தை வெளியிலிருந்தே பார்க்க முடியும். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990-இல் தலைமை நிர்வாகிகளுக்கும் அதிகம் வாங்குபவர்களுக்கும் கொடுத்த தொகை பெயரோடு இருக்கும், யாரும் படிக்கலாம். இங்கிலாந்தில் பெரிய அறநிறுவனங்கள் 60,000 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்துக் கணக்கில் காட்ட வேண்டும். நேர்காணலுக்கு முந்தைய நாள் அரை மணி நேரம் இதைப் படித்துவிட்டுப் போனவருக்கும் படிக்காமல் போனவருக்கும் சம்பளப் பேச்சில் பெரிய வித்தியாசம் தெரியும்.

மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகங்களையும் இந்தப் பட்டியலில் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் லாப நோக்கற்ற அமைப்புதான். அங்கே மருத்துவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். எத்தனை சோதனை எழுதினார், எத்தனை அறுவை செய்தார் என்று பார்த்துக் கூடுதல் பணம் தருவதில்லை. மருத்துவம், ஆராய்ச்சி, மருத்துவமனை நிர்வாகம் படித்தவர்களுக்கு சேவையும் உயர்ந்த சம்பளமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் வாய்ப்பு இங்கே அதிகம்.

கல்விக் கடன் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவில் 2007-இல் வந்த சட்டப்படி, அரசிலோ தகுதிபெற்ற தொண்டு நிறுவனத்திலோ முழுநேரமாக வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணைகள் கட்டினால் மீதி மத்திய அரசுக் கல்விக் கடன் தள்ளுபடியாகும். பெரிய கடன் உள்ளவருக்கு இது சம்பள உயர்வுக்குச் சமம். அதே திட்டத்தில், அதே அலுவலகத்தில், ஒரு லாப நோக்குள்ள ஒப்பந்த நிறுவனத்தின் பட்டியலில் சம்பளம் வாங்கினால் பொதுவாக இந்தச் சலுகை கிடைக்காது.

## நிதி வழங்கும் அறக்கட்டளைகள்

சேவைத் துறையில் வேலைக்கேற்ற ஊதியமும் வசதியும் நன்றாக இருக்கும் இடம். காரணம், பணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. முதலீட்டிலிருந்து வருமானம் வருகிறது, அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5 சதவீதம் செலவிட்டே ஆக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

ஆனால் இருக்கைகள் மிகக் குறைவு. புதிதாகப் படிப்பை முடித்தவரை அபூர்வமாகவே எடுப்பார்கள். வேறு எங்காவது பத்தாண்டு வேலை பார்த்து ஒரு துறையில் பெயர் எடுத்தவர்களையே தேடுவார்கள். நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஹியூலெட் அறக்கட்டளையில் திட்ட அலுவலர்களுக்கு எட்டு ஆண்டு வரம்பு உண்டு. கேட்ஸ் அறக்கட்டளை 2045-க்குள் எல்லாவற்றையும் செலவழித்து முடித்துக்கொள்வதாக 2025-இல் அறிவித்தது.

மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. பணம் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எல்லா யோசனையும் அருமை என்பார்கள். சில ஆண்டுகளில் தன் தீர்ப்பு கூர்மையாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். களத்தில் பழைய நண்பர்களை வைத்துக்கொண்டு, அவர்களிடம் திட்டு வாங்கத் தயாராக இருப்பவர்களே இங்கே நல்ல வேலை செய்கிறார்கள்.

## ஒரே பார்வையில்

| | அரசு | ஐ.நா., பன்னாட்டு அமைப்பு | தொண்டு நிறுவனம் | அறக்கட்டளை |
|---|---|---|---|---|
| பணத்தின் ஊற்று | வரி | உறுப்பு நாடுகள், தன்னார்வப் பங்களிப்பு | மானியம், நன்கொடை, சொந்த வருமானம் | முதலீட்டுச் சொத்து |
| சம்பளத்தின் போக்கு | மெதுவான ஏற்றம், உச்சவரம்பு | தொடக்கமே உயர்வு, ஊருக்கு ஊர் மாறும் | தாழ்வான தொடக்கம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் | நல்ல நிலை, பதவி உயர்வுக்கு இடம் குறைவு |
| பின்னால் வரும் பணம் | பென்ஷன், காப்பீடு | ஐந்தாண்டுக்குப் பின் பென்ஷன், கல்வி மானியம் | பெரும்பாலும் குறைவு | நன்று |
| உள்ளே போக | தேர்வு, காத்திருப்பு | அனுபவம், மொழி, போட்டி | எளிது | முன் அனுபவம், அறிமுகம் |
| மறைமுகச் செலவு | தேர்வில் போகும் ஆண்டுகள் | குடும்பம், துணைவர் வேலை | மானியம் முடியும் தேதி | நேர்மையான கருத்து கிடைக்காமை |

## உங்கள் நிலைமைக்கு எது?

குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான் சம்பாதிக்கிறீர்கள், பெற்றோரை விட்டு நகர முடியாது என்றால் அரசுப் பணி. அதிலும் உங்கள் படிப்புக்கேற்ற ஒழுங்குமுறை அமைப்புகளைத் தேடிப் பாருங்கள். அது கைகூடாவிட்டால் ஐ.நா.வின் உள்நாட்டுப் பதவிகள் அடுத்த நல்ல வழி.

வயது இருபத்தைந்து, பொறுப்பு எதுவும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் போகத் தயார் என்றால், முதலில் ஒரு நல்ல தொண்டு நிறுவனத்தில் களப்பணி. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஐ.நா.வுக்கும் அறக்கட்டளைக்கும் பின்னால் தேவைப்படும் அனுபவம் இங்கேதான் வேகமாகக் கிடைக்கும். மற்ற இடங்களில் ஐந்தாவது ஆண்டில் தரும் பொறுப்பை இங்கே இரண்டாவது ஆண்டிலேயே தலையில் வைப்பார்கள்.

நாற்பதை நெருங்குகிறீர்கள், தனியார் துறையில் நிதி, சட்டம், மென்பொருள் என்று கைத்தொழில் இருக்கிறது என்றால், பெரிய தொண்டு நிறுவனத்தின் நிர்வாகப் பதவிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள். சம்பளம் குறையும், ஆனால் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. இந்த வயதில் ஐ.நா. கன்சல்டன்ட் ஒப்பந்தத்தைத் துணைவருக்கு நிலையான வேலையும் குடும்பக் காப்பீடும் இருந்தால் மட்டும் ஏற்கலாம் என்பேன்.

இரண்டு பேரும் வேலை பார்ப்பவர்கள், இருவருக்கும் தொழில் முக்கியம் என்றால் இடம்மாறிக்கொண்டே இருக்கும் பன்னாட்டுப் பதவி பெரும் சிக்கல். தலைமையகம் உள்ள பெரிய நகரங்களில் இருவருக்கும் வேலை கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

## நியமனக் கடிதம் கைக்கு வந்ததும்

தொண்டு நிறுவனத்தின் கடிதத்தில் பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: 'இப்பதவி நிதி கிடைப்பதைப் பொறுத்தது.' முன்பக்கத்துச் சம்பளத்துக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்பதை இந்த வரிதான் தீர்மானிக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: என் சம்பளம் எந்த மானியத்திலிருந்து வருகிறது? அது எந்த மாதம் முடிகிறது? ஒரே மானியமா, இரண்டு மூன்றிலிருந்து பங்கா? போன மானியம் முடிந்தபோது அதில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த இடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, ஆண்டறிக்கையை எடுத்து நிபந்தனையில்லாத கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வந்த பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. ஆண்டுச் செலவு 12 கோடி, நிபந்தனையில்லாத கையிருப்பு 3 கோடி என்றால், வரும் பணம் எல்லாம் நின்றாலும் மூன்று மாதம் தாங்கும். ஒரு மாதம்கூடத் தாங்காத அமைப்பு என்றால், சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதே அளவுக்கு உங்கள் கையிலும் சேமிப்பு இருந்தாக வேண்டும். மிகப் பெரிய கொடையாளர் மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பதையும் அதே அறிக்கையில் பார்க்கலாம். பாதிக்கு மேல் ஒருவரே என்றால், நேர்காணலில் அவரைப் பற்றிக் கேளுங்கள்.

ஐ.நா. கடிதம் என்றால் ஒப்பந்த வகை, காலம், பணியிடத்தின் தரம், குடும்பத்துக்கு அனுமதி உண்டா ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். அரசுக் கடிதம் என்றால் தகுதிகாண் காலம் எவ்வளவு, உங்கள் முந்தைய அனுபவம் சம்பளப் படியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் எந்தப் படியில் வைக்கிறார்களோ, அதன் விளைவு ஓய்வு பெறும் வரை வரும். சேர்ந்தபின் திருத்தச் சொல்லி மனுப் போடுவதைவிடச் சேருவதற்கு முன்பு ஒரு வாரம் தாமதித்துச் சரிசெய்துகொள்வது எளிது.